பன்னிரண்டு பாய் ஓட்டுக் கேட்ட கதை

ஒரு விளையாட்டை ஒரு நிமிஷம்கூடப் பார்க்காமல் அதற்காக உயிரை விடுகிற மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவரும் என் எதிர்வீட்டில்தான் இருந்தார். டெக்ஸாஸ் இர்விங்கில் நாங்கள் குடியிருந்த அபார்ட்மென்ட்டில் அவருக்குப் பன்னிரண்டு பாய் என்று பெயர். சொந்தப் பெயர் என்னவென்று மளிகைக் கடைக்காரருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவர் வீட்டம்மா ஜரீனா அக்காவே கோபம் வந்தால், "இந்தப் பன்னெண்டைக் கெட்டிக்கிட்டு நான் படுத பாடு இருக்கே" என்றுதான் ஆரம்பிப்பார்.

அது இரண்டாயிரங்களின் பின்பாதி. கோயம்புத்தூரில் காலேஜில் பாடம் நடத்திக்கொண்டிருந்த என்னைக் கல்யாணம் பண்ணி, டிபெண்டென்ட் விசாவில் கூட்டி வந்து, மூன்றாம் மாடியில் உட்கார வைத்துவிட்டு, என் வீட்டுக்காரர் தினம் லாஸ் கொலினாஸ் ஆபீசுக்குப் போய்விடுவார். அந்த விசாவில் நான் வேலைக்குப் போகக் கூடாது. கார் ஓட்டத் தெரியாது. டிவியில் வருகிறவர்கள் பேசுவது பாதிதான் புரியும். யார் வாயைத் திறந்தாலும் சண்டைக்குப் போகலாம் என்கிற மனநிலையில் நான் இருந்தபோதுதான் பாய் வந்து கதவைத் தட்டினார்.

திறந்தால், இடுப்பில் கட்டம் போட்ட கைலி. மேலே முட்டி வரைக்கும் தொங்குகிற நீல நிற ஃபுட்பால் ஜெர்சி.

"புதுசா வந்திருக்கியளோ? நல்லது. நம்ம பயலுவ இந்த வாரம் பதினேழு. பன்னெண்டுக்குள்ள வரணும். கொஞ்சம் வேண்டிக்கிடுங்க தங்கச்சி."

அவ்வளவுதான். போய்விட்டார். எந்த ஊர், என்ன வேலை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம், "பாவம்ங்க, எதுத்த வீட்டுக்காரரு பசங்க கிளாஸ்ல பதினேழாவது ரேங்க்காம், ரொம்பக் கவலைப்படறாரு" என்றேன். அவரும் ஐயோ பாவம் என்றார். மறுநாள் ஜரீனா அக்காவிடம், "உங்களுக்கு எத்தனை பசங்கக்கா?" என்று கேட்டேன். அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"எனக்கு ஒரு பிள்ளையும் இல்லம்மா. அவருக்குத்தான் எம்பது தடியனுவ இருக்கானுவ."

அந்த எண்பது தடியர்களும் பாய் படித்த காலேஜின் அமெரிக்கன் ஃபுட்பால் டீம். மேலப்பாளையத்திலிருந்து மேற்படிப்புக்கு அவர் வந்து இறங்கியது, மலைகளுக்கு நடுவில் ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு சின்ன ஊர்க் காலேஜில். படித்து முடித்து எத்தனையோ வருஷம் ஆகியும் ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை பாய் வாழ்ந்தது அங்கேதான். உடம்பு மட்டும் இர்விங்கில் இருந்தது.

பன்னிரண்டு என்ன கணக்கு என்று கேட்ட அன்று என்னை உட்கார வைத்து விளக்கினார். அப்போதெல்லாம் காலேஜ் ஃபுட்பாலில் கால், அரை என்று படிப்படியாக ஆடுகிற பிளே-ஆஃப் கிடையாது. சீசன் முடிவில் நாலைந்து பெரிய மேட்ச் நடக்கும். அதற்குள் போவதுதான் பெரிய கௌரவம்.

"நம்ம ஊர்ல இன்ஜினியரிங் கவுன்சலிங் உண்டுல்லா? அதேதான் இது. காலேஜுவளக் கூட்டம் கூட்டமாப் பிரிச்சு கான்ஃபரன்ஸ்னு வச்சிருக்காவ, அதுல பெரிசு ஆறு இருக்கு. அதுல ஜெயிச்சவன் மார்க்கையே பாக்க மாட்டாவ, மேனேஜ்மென்ட் கோட்டா மாதிரி நேரா உள்ள. நம்மது சின்ன கான்ஃபரன்ஸ். நாம ஜெயிச்சாலும் கட்-ஆஃப் பாப்பாவ. நாட்டுல பன்னெண்டு ரேங்க்குக்குள்ள வந்தா சீட்டு. பதிமூணுன்னா, போயிட்டு வா ராசா."

"ரேங்க் யாருங்க பாய் போடறது?"

"கோச்சுமாரு ஓட்டுப் போடுவாவ. பழைய ஆட்டக்காரவ, பத்திரிகைக்காரவ தனியா ஓட்டுப் போடுவாவ. அப்புறம் கம்ப்யூட்டர் ஒரு கணக்குப் போடும். மூணையும் கூட்டிக் கலக்கி ஞாயித்துக்கிழமை சொல்லுவாவ."

"அப்ப கிரவுண்டுல ஆடறதுக்கு?"

"அதுக்கும் உண்டு" என்றார், ஏதோ பாட்டு கிளாசுக்கும் மார்க் உண்டு என்பதுபோல.

இன்னொரு உட்பிரிவும் இருந்தது. பதினாறுக்குள் வந்து, பெரிய கான்ஃபரன்ஸ் சாம்பியன் எவனாவது நமக்குக் கீழே கிடந்தால் அப்போதும் சீட்டு உண்டாம். அதை அவர் விளக்கி முடிப்பதற்குள் என் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

நானும் நியாயம் தெரிந்தவள்தான். "ஒரு மேட்ச்கூடத் தோக்காதவன வெளிய நிறுத்திட்டு, ரெண்டு தடவ தோத்தவன உள்ள விடறாங்களா? யாருங்க கேக்கறது இவங்கள?" என்று கத்தினேன். பாய் கண்ணில் தண்ணீர் வராத குறை. அமெரிக்கா வந்து அவருக்குக் கிடைத்த முதல் தொண்டர் நான்தான்.

சனிக்கிழமை மேட்ச் நடக்கும்போது பாய் டிவியைப் போடவே மாட்டார். நெஞ்சு தாங்காதாம். வேக்குவம் கிளீனரை எடுத்துக்கொண்டு வீடு முழுக்கத் தள்ளுவார். மேட்ச் இழுத்தால் வெளி வராந்தாவுக்கு வந்துவிடுவார். அதுவும் முடிந்தால் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, "உங்க கார்ப்பெட்டையும் கொஞ்சம் தள்ளட்டுமா தங்கச்சி?" என்பார். அந்த சீசன் முழுக்க என் வீட்டுக் கார்ப்பெட் பளபளவென்று இருந்ததற்கு, மலை ஊரில் எண்பது பையன்கள் கஷ்டப்பட்டு ஜெயித்துக்கொண்டிருந்ததுதான் காரணம். என் வீட்டுக்காரர் ஒரு தடவை ஆட்டத்தின் விதி ஏதோ கேட்டதற்கு, "அதெல்லாம் கோச் பாத்துக்கிடுவாரு. நம்ம வேலை ரேங்க்" என்று சொல்லிவிட்டு சோஃபாவுக்கு அடியில் தள்ளப் போய்விட்டார்.

ஆனால் நாம் ஜெயித்த டீமெல்லாம் மற்ற இடங்களில் ஜெயிக்க வேண்டும் என்பதில் கண்ணும் கருத்துமாக இருப்பார். அவர்கள் உயர்ந்தால்தான் கம்ப்யூட்டர் நமக்கு மார்க் கூட்டும். ஒரு நாள் எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போனபோது பெட்ரோல் போட நிறுத்தினார். பக்கத்துப் பம்பில், எங்களிடம் தோற்ற ஒரு காலேஜின் தொப்பி போட்ட ஆறடி ஆள் நின்றுகொண்டிருந்தார். பாய் நேராகப் போய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, போன மாதம் நாங்கள் உங்களை அடித்துத் துவைத்தோம், இனிமேல் நீங்கள் யாரிடமும் தோற்கக் கூடாது, தோற்றால் எங்களுக்கு அவமானம் என்று இங்கிலீஷில் ரொம்ப மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். அந்த ஆள் பெட்ரோலைப் பாதியிலேயே நிறுத்திவிட்டுக் கிளம்பினார். நான் காருக்குள் குனிந்துகொண்டேன்.

இதெல்லாம் கிறுக்குத்தனம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், அந்த நவம்பரில் ஜரீனா அக்கா ராயைப் பற்றிச் சொல்கிற வரைக்கும்.

ராய் அந்த டீமுக்குத் துணி துவைக்கிறவர். முப்பது வருஷத்துக்கு மேலாக அதே லாண்டரி ரூம். பாய் படிக்கப் போன முதல் குளிர்காலத்தில் அவருடைய வாப்பா ஊரில் இறந்துபோனார். டிக்கெட் எடுக்க வழியில்லை, போக முடியவில்லை. காலேஜில் பார்ட்-டைம் வேலை என்று ராயிடம்தான் அனுப்பியிருந்தார்கள். சேதி வந்த அன்று பாய் ஜெர்சிகளை மடித்துக்கொண்டே அழுதிருக்கிறார். ராய் கதவைச் சாத்திவிட்டு, டிரையர்களுக்குப் பக்கத்தில் வெதுவெதுப்பாக இருந்த மூலையைப் பெருக்கி, புதுத் துண்டு ஒன்றை விரித்துக் கொடுத்து, நீ உன் பிரார்த்தனையை முடி, நான் மடிக்கிறேன் என்றாராம். படிப்பு முடியும்வரை பாய் தொழுதது அந்த மூலையில்தான்.

"அந்த ராய்க்கு ஒரே ஆசைதாம்மா. டீமோட ஒரு தடவை பெரிய மேட்சுக்குப் போயி அந்தப் பயலுவ துணியத் துவைக்கணும்னு. இந்த வருஷத்தோட ரிட்டயர் ஆவுதாரு. இவனுவளும் இந்த வருஷம் பாத்து ஒண்ணுலயும் தோக்கல. இப்ப விட்டா எப்ப?"

அந்த வாரம் டீம் பதினாலாவது இடத்தில் இருந்தது. கடைசி ரேங்க் வர இரண்டே வாரம். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டேன். "பாய், ஓட்டுப் போடறவங்க பேரு, அட்ரஸ் எல்லாம் கொண்டாங்க. மனு போடலாம்" என்றேன்.

பத்திரிகைகளில் தேடி அவர் ஒரு பட்டியல் கொண்டு வந்தார். என் வீட்டுக்காரரின் கம்ப்யூட்டரில் நான் தட்டினேன். கலெக்டருக்கு எழுதுகிற மனுவை அப்படியே இங்கிலீஷில் எழுதினேன். மதிப்பிற்குரிய ஐயா. விஷயம்: மேற்படி காலேஜ் அணியைப் பன்னிரண்டு ரேங்க்குக்குள் சேர்க்கக் கோருதல் சம்பந்தமாக. மேற்படி அணியானது இந்த வருஷம் எந்த ஆட்டத்திலும் தோற்கவில்லை என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டு வருகிறோம். அடியில் பாய் கையெழுத்து. அதற்குக் கீழே, சும்மா இருக்க முடியாமல், என் கையெழுத்து.

"ஏம்மா, இதப் படிச்சா அவங்க ஓட்டுப் போடுவாங்களா, போலீசக் கூப்பிடுவாங்களா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நீங்க ஸ்டாம்ப் ஒட்டுங்க போதும்" என்றேன்.

ஒரே ஒரு ஆள் பதில் போட்டார். எங்கள் பக்கத்துப் பத்திரிகை ஒன்றில் விளையாட்டு எழுதுகிற நிருபர். அவருக்கு ஓட்டு இருந்தது. போன் பண்ணி, இருபது வருஷமாக ஓட்டுப் போடுகிறேன், என்னை யாரும் மேலான கவனம் உள்ளவன் என்று சொன்னதில்லை, ஆபீசுக்கு வாருங்கள், பேசலாம் என்றார். பாய் போனை வைத்துவிட்டு வீட்டுக்குள்ளேயே மூன்று தடவை சுற்றி வந்தார்.

இங்கேதான் நாங்கள் கோட்டைவிட்டோம். கிளம்புகிற நேரத்தில் ஜரீனா அக்கா வாசலில் மறித்துக்கொண்டார். "ஒரு மனுசரப் பாக்கப் போறிய. வெறுங்கையோடயா போவாவ?" யார் இல்லை என்று சொல்வது? எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஊரிலிருந்து கொண்டுவந்த ஈயம் பூசிய செம்புச் சட்டி நிறைய மட்டன் பிரியாணியோடு போய் இறங்கினோம். மூடியைத் திறந்ததும் அந்த ஆபீசில் டைப் அடிக்கிற சத்தம் நின்றுவிட்டது. நிருபர் ஒரு தட்டு சாப்பிட்டார். இன்னொரு தட்டு போட்டுக்கொண்டார். பாய் கம்ப்யூட்டர் கணக்கு முழுவதையும் சொல்லி, ராயைப் பற்றியும் சொன்னார். நிருபர் கையைத் துடைத்துக்கொண்டு, உங்கள் பையன்களுக்கு நியாயம் இருக்கிறது, நான் அவர்களைப் பத்தாவதாகப் போடலாம் என்றிருக்கிறேன் என்றார். வீடு வரைக்கும் பாய் காரை ஓட்டினாரா, கார் பாயை ஓட்டியதா என்று தெரியாது.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. பாய் ஸ்பீக்கரில் போட்டார், நாங்கள் எல்லோரும் கேட்டோம். நிருபர் ரொம்ப வருத்தத்தோடு பேசினார். எடிட்டருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. வீடே மணக்கிற மாதிரி ஆபீஸ் மணந்தால் தெரியாமல் என்ன செய்யும்? ஒரு டீமுக்காகப் பேச வந்தவர்களிடம் சாப்பாடு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு அந்த டீமுக்கு ஓட்டுப் போட்டால் பத்திரிகையின் மானம் போய்விடும். அதனால் கடைசி வார ஓட்டை அவர் அனுப்பக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

பாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் ராயோட வாயில மண்ணப் போட்டுட்டேன்" என்றார். அதுவரைக்கும் அவர் குரல் உடைந்து நான் கேட்டதில்லை.

ஜரீனா அக்கா மட்டும் அசரவில்லை. "சட்டி அங்கதான இருக்கு? நம்ம ஊர்ல சட்டிய வெறுமனே திருப்பிக் குடுக்க மாட்டாவல்லா? அவரும் என்னத்தையாவது வச்சுக் குடுத்தா அது கொடுக்கல் வாங்கல். லஞ்சம் எப்படி ஆவும்?" என்றார். எனக்கு அது சுப்ரீம் கோர்ட் வாதமாகத் தெரிந்தது. உடனே நிருபருக்குப் போன் போட்டு, ஒரு முன்னாள் வாத்தியாரம்மாவின் அதட்டலோடு, எங்கள் ஊர் வழக்கம் இது, இன்னின்ன மாதிரி என்று எடுத்துச் சொன்னேன். மறுநாள் காலையில் அவரே செம்புச் சட்டியோடு எங்கள் வாசலில் நின்றார். உள்ளே அவர் மனைவி செய்த பீக்கான் பை என்கிற பருப்பு வைத்த இனிப்பு இருந்தது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எடிட்டர் மசியவில்லை. ஓட்டு போனது போனதுதான்.

ஞாயிற்றுக்கிழமை ரேங்க் வந்தது. பதினாலிலிருந்து ஒரு படி ஏறியிருந்தார்கள். பதிமூன்று. பெரிய கான்ஃபரன்ஸ் சாம்பியன்கள் ஆறு பேரும் மேலேயே இருந்தார்கள், அந்த உட்பிரிவும் உதவவில்லை. என் வீட்டுக்காரர், கிரிக்கெட்டைத் தவிர எதையும் மதிக்காத மனுஷர், எக்செல்லைத் திறந்து வைத்துக்கொண்டு, "பாய், இங்க பாருங்க. அந்த ஒரு ஓட்டு வந்திருந்தாலும் பன்னெண்டு வந்திருக்காதுங்க. வித்தியாசம் ஜாஸ்தி" என்று திரும்பத் திரும்பக் காட்டினார். பாய் தலையை ஆட்டினார். நம்பவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது.

பிறகு போனை எடுத்து ராயைக் கூப்பிட்டார். ஒன்றையும் மறைக்கவில்லை. மனு, பிரியாணி, எடிட்டர் எல்லாவற்றையும் சொல்லி, என்னை மன்னிச்சிருங்க என்று இங்கிலீஷில் சொன்னார். அந்தப் பக்கம் ஒரு பெரிய சிரிப்பு, இருமல், மறுபடி சிரிப்பு. அந்த ஆள் இரண்டாம் தட்டு போட்டுக்கொண்டானா என்று கேட்டார் ராய். ஆமாம் என்றார் பாய். அப்படியானால் எங்களுக்கும் கொண்டு வா என்றார். பெரிய மேட்ச் கிடைக்காத டீம்களுக்கென்று நடக்கிற சின்ன மேட்ச்களில் ஒன்று இவர்களுக்குக் கிடைத்திருந்தது. அது டெக்ஸாஸில்தான், எங்கள் வீட்டிலிருந்து ஃப்ரீவேயில் போனால் பக்கம்.

டிசம்பர் கடைசியில் ஒரு மத்தியானம், ஊசிக் காற்று அடிக்கிற, பாதி காலியான ஸ்டேடியத்துக்கு நாலு பேரும் போனோம். ஜெயித்தார்கள். பாய் ஆட்டத்தைப் பார்த்தாரா என்று கேட்காதீர்கள், கார் பார்க்கிங்கை அவர் எத்தனை சுற்று சுற்றினார் என்று எனக்குத் தெரியாது. முடிந்ததும் ராய் எங்களைப் பின்வாசல் வழியாக அங்கிருந்த லாண்டரி ரூமுக்குக் கூட்டிப் போனார். ஒருவரும் தடுக்கவில்லை. ஒல்லியான, காது மந்தமான மனுஷர். செம்புச் சட்டியைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்.

பாய் மறுபடியும் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். ராய் கையைக் காட்டி நிறுத்தினார். பெரிய மேட்சுக்குப் போய் வந்த வேறு காலேஜ் ஆட்களிடம் விசாரித்தேன், அங்கே துணி துவைக்கத் தனி கம்பெனியாம், வாசலில் செக்யூரிட்டியாம், என்னையே உள்ளே விட்டிருப்பார்களோ என்னவோ, உன்னைச் சத்தியமாக விட்டிருக்க மாட்டார்கள் என்றார். சொல்லிவிட்டு, சேறு அப்பிய ஜெர்சி மூட்டையை எடுத்துப் பாய் கையில் திணித்தார். என் கடைசி மூட்டை, நீ போடு என்றார்.

பாய் மூட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜரீனா அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் வீட்டுக்காரர் சோப்புத் தூள் டப்பாவில் எழுதியிருந்ததை ரொம்ப அக்கறையாகப் படித்தார்.

மெஷின் ஓடி, டிரையர் ஓடி, துணி சூடாக வெளியே வந்தது. எல்லோருமாக மடிக்க உட்கார்ந்தோம். ராயும் பாயும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஒரே மாதிரி, ஒரே வேகத்தில் மடித்தார்கள். நான் ஏழு ஜெர்சி மடித்தேன். ஏழையும் பாய் ஒவ்வொன்றாகப் பிரித்து, உதறி, நம்பர் மேலே தெரியும்படி மறுபடி மடித்து வைத்தார். வேறு யாராவது செய்திருந்தால் அந்த இடத்திலேயே சண்டை போட்டிருப்பேன். அன்றைக்கு எட்டாவதை எடுத்து, மடிக்காமல் அவர் பக்கமாக நகர்த்தி வைத்தேன்.